அடியோடு ஒரு சாதாளை

பருத்தித்துறையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் மணல் இல்லை, கல்தான். கடல் அந்தக் கல்லில் நாள் முழுவதும் அடிக்கும். அதில் முளைத்திருக்கும் பாசியைக் கழற்றிக் கரையில் கொண்டுவந்து குவிக்கும். அதை நாங்கள் சாதாளை என்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பனையோலைக் கடகம் நிறையச் சாதாளை அள்ளித் தென்னம்பிள்ளைகளின் அடியில் போடுவது என் வேலை. மணக்கும், கை கடிக்கும். அதன்மேல் ஒருவருக்கு ஆசை வரும் என்று பதினொரு வயதுச் சிறுமி நான் நினைத்ததே இல்லை.

அந்தச் சித்திரை விடுமுறைக்கு மாமாவின் மகள் வந்தாள். மாமாவுக்குக் கப்பலில் வேலை. மச்சாளை உடுவிலில் விடுதியில் விட்டுப் படிப்பித்தார். அவளுக்கும் என் வயதுதான். வந்த அன்றே அளவாக வெட்டிய வெள்ளை மட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினாள். விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சாதாளை ஒட்ட வேண்டுமாம்.

"தென்னைக்குப் போடுற குப்பையைக் கடதாசியிலை ஒட்டப் போறியோ?" என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"விடியத் தண்ணி வத்தும். கல்லுக்குப் போவம், பிள்ளை," என்றார்.

அந்தப் பிள்ளை நான் இல்லை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

விடிந்ததும் அப்பா அவளுடைய கையைப் பிடித்தபடி முன்னால் போனார். நான் கடகத்தோடு பின்னால் போனேன். அப்பா அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. கடலால் வந்தால் என்னிடம் தண்ணீர் கேட்பார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் வாய் மூடவில்லை.

"மேலை நிக்கிற பச்சையைப் பார். வடிவுதான், ஆனால் காலை வைச்சியோ, பல்லுப் போயிடும். குழியளுக்கை சிவப்பு நிக்கும். அலை உடைக்கிற விளிம்பிலை கபிலம். கடலுக்கு மட்டும் முதுகு காட்டப்படாது, என்ன?"

"ஓம் மாமா," என்றாள் அவள்.

இதே பாடத்தை எனக்கு ஐந்து வயதில், முதுகில் ஒரு அடியோடு, அரை நிமிடத்தில் முடித்திருந்தார்.

வீட்டு முற்றம் வந்த பிறகும் மச்சாள் அப்பாவின் கையை விடவில்லை. இங்கே வழுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அகலமான சாப்பாட்டுக் கோப்பையில் தண்ணீர் விட்டு, அதற்குள் மட்டையைத் தாழ்த்தி, சிவப்புச் சாதாளையை ஈர்க்கால் பிரித்து மெல்லத் தூக்கினாள். மட்டையில் அது மயிலிறகு போல விரிந்து கிடந்தது. அம்மாகூட அடுப்பை விட்டு வந்து பார்த்தார். நான் வருடக்கணக்காக அள்ளிக் கொட்டிய அதே சாதாளை. என் கடகத்துக்குள் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

அவள் போவதற்கு முதல்நாள் கபில நிறச் சாதாளை ஒன்றுதான் மிச்சம். கரையில் ஒதுங்கியது சரிவராதாம்.

"அடியோடை வேணும் மாமா. அடி இல்லாட்டில் ரீச்சர் எடுக்கமாட்டா. அது வேரில்லை, கல்லைப் பிடிக்கிற பிடி."

மூவரும் மறுபடி கல்லுக்குப் போனோம். அன்றைக்கு அலை கொஞ்சம் பெரிது. அப்பா விளிம்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு மடியிலிருந்த கத்தியை என்னிடம் நீட்டினார்.

"நீ போய் எடுத்துக்கொண்டு வா."

மற்றக் கை அவளுடைய கையில்தான் இருந்தது.

போனேன். கடலைப் பார்த்துக் குந்தி, கத்தியால் நெம்பத் தொடங்கினேன். ஒரு அலை நெஞ்சளவுக்கு வந்து இழுத்தது. கையில் அகப்பட்ட சாதாளைக் கொத்தைப் பிடித்துக்கொண்டேன். அது கல்லை விடவில்லை, நான் அதை விடவில்லை. அலை திரும்பியதும் இன்னொரு கொத்தை அடி உடையாமல் கழற்றி எடுத்தேன். கோழிக்காலைப் போல விரல் விரலாக இருந்தது அடி.

எழும்பிப் பார்த்தேன். அப்பா தோளில் கிடந்த துவாயால் மச்சாளின் முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த அடியை நகத்தால் கிள்ளிக் கடலில் போட்டேன்.

"அடி கழண்டுபோச்சு," என்றேன்.

அப்பா கொத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். என் விரல்களையும் பார்த்தார். "சரி, வா. தண்ணி ஏறுது," என்று மட்டும் சொன்னார். மச்சாளின் கண் நிறைந்திருந்தது.

வீட்டில் அவள் அதை அப்படியே ஒட்டினாள். பிறகு பென்சிலை எடுத்து, "அடி எப்பிடி இருந்தது மச்சாள்? நீதானே கண்டனீ," என்று கேட்டாள். கோழிக்கால் என்றேன். அப்படியே கீறினாள். நான் சொன்னதை அவள் கொஞ்சமும் சந்தேகிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மத்தியானம் குசினிக்குள் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளையை அலைக்கை விட்டிட்டு, மற்றவளைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?"

"இவளுக்குக் கல்லுத் தெரியும். அவள் விழுந்தால், கப்பலிலை நிக்கிற மனுசனுக்கு நான் என்ன சொல்லுறது?"

கதவுக்குப் பின்னால் நின்று அப்பா சொன்ன இரண்டு வசனத்தையும் கேட்டேன். இரண்டாவதைத்தான் நெஞ்சு நிறைந்த பொறாமையோடு பல வருடம் தூக்கிக்கொண்டு திரிந்தேன். முதலாவது, இவளுக்குக் கடைக்கு வழி தெரியும் என்பது போல, காதால் நுழைந்து போய்விட்டது.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் என் கடைசி மகள் அதே கல்லுக்குப் போக வேண்டும் என்று நின்றாள். கூட்டிக்கொண்டு போனேன். "கையை விடுங்கோ அம்மா," என்று வழி முழுவதும் சிணுங்கினாள்.

நான் விடவில்லை. அவளுக்கு இன்னும் கல் தெரியாது.