படகுக்கடியில் ஷியாமளா

முதலில் தார்ப்பாயை விரிப்பாள். ஒரு துணுக்குகூட வெளியே சிதறிவிடாதபடி அதன் ஓரங்களுக்கு அடியில் மணலைக் குவித்து வரப்பு கட்டுவாள். பிறகு, மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைத்திருக்கும் படகின் அடியில் மல்லாந்தபடி நுழைவாள். அதன்பின் வெளியே தெரிவது இரண்டு பாதங்கள்தான். உள்ளேயிருந்து சுரண்டும் சத்தமும் பேச்சும் மாறி மாறி வரும்.

"இறங்குலே. எத்தற நாளாட்டு இஞ்ச குடியிருக்க? ஆதார் உண்டா? ரேஷன் கார்டு உண்டா?"

படகின் அடியில் யாரோ இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்றுதான் படகோட்டிகள் முதலில் நினைத்தார்கள்.

ஷியாமளாவுக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு மலையாளக் கரையில், எல்லையோரத்துக் கொல்லயிலில். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் உதியன்குளங்கரை முக்கைத் தாண்டி, நெய்யாறு கடலைத் தொடும் பொழிமுகத்தில்தான் நிறுத்துவாள். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு அலையாத்திக் கண்டல் காட்டுக்குள் போய்வரும் படகுகளின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வது அவள் வேலை. அதற்கு முன்பு இருபது வருடம் ரப்பர் பால் வெட்டினாள். மரம் நோகாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கை. இப்போது அதே வளைந்த கத்தியால், பெயிண்டில் கீறல் விழாமல், அதில் ஒட்டியிருக்கும் புழுவை மட்டும் எடுக்கிறது. "ரப்பர்ல பால் வரும், இதுல உப்பு வெள்ளம் வரும். அம்புட்டு வித்தியாசந்தான்" என்பாள். மகள் நீதுவுக்கு மட்டும் ஒரு குறை உண்டு: அம்மாவின் ஸ்கூட்டரில் ஏறினால், காரக்கோணம் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய் இறங்கும்போது தன்மேலும் சேற்று வாடை அடிக்கிறதாம்.

புழு என்றால் நெளிகிற ஜாதி அல்ல. தன்னைச் சுற்றிச் சேமியா தடிமனில் ஒரு சுண்ணாம்புக் குழல் கட்டி, ஆயுசு முழுக்க அதற்குள்ளேயே இருந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு, கல்லாகிப்போன இடியாப்பம் மாதிரி வளரும். மூன்று வருடத்துக்கு முன்பு இந்தப் பொழியில் யாரும் அதைப் பார்த்ததில்லை. கடலின் வாய் மணலால் அடைந்து, தண்ணீர் அசையாமல் கிடக்கும் மாதங்களில் படகு, தூண், கண்டல் வேர் என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கும் துளைக்குள் குடியேறி, நடு ஆற்றில் எஞ்சினைப் புகைய வைத்தது.

அது நம் கடலில் பிறந்ததல்ல என்று சொன்னவள், கடல் உயிர்களைப் பற்றி ஆராய வந்த லிஷா என்ற மாணவி. ஏதோ தூரதேசத்துக் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றாள். சுரண்டியதைத் தண்ணீரிலேயே தள்ளினால் துண்டுகளில் இருப்பவை பிழைத்துக்கொண்டு பெருகும், கரையில் காயப்போட்டால்தான் சாகும் என்றும் சொன்னாள். அதுவரை ஷியாமளா, சுரண்டியதையெல்லாம் காலால் ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தவள். "ஒன்றர வருசமாட்டு நானாக்கும் பிள்ளே இதுக்கு விதை போட்டோண்டு இருந்தது" என்று லிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் தார்ப்பாய் வந்தது. இப்போது சுரண்டியதெல்லாம் வெயிலில் காய்ந்து, சாக்கில் ஏறி, கொல்லயிலில் தென்னை மூட்டுக்கு உரமாகப் போகிறது.

புழுவுக்கு அவள் வைத்த பேர் வரத்தன். வெளியிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். "தமிழ் பேசிக்கிட்டு வந்த நீயும் எங்களுக்கு வரத்திதானே சேச்சி" என்று படகோட்டிகள் சீண்டுவார்கள். "ஆமா, வரத்திதான். ஆனா ஆருக்க மூக்குத் தொளையிலயாவது வீடு கெட்டினேனா?" என்பாள். வரத்தன் பெருகினால் உனக்குத்தானே வேலை என்று ஒருவன் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

போன ஓணத்துக்கு முன்பு நடந்தது இது. வடக்கே கடலையொட்டிய ஒரு காயலில் சவாரி விட இரண்டு படகுகளை அனுப்ப முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் காயலில் வரத்தன் கிடையாது. படகுகளைக் கரையேற்றி, ஷியாமளா சுரண்டி முடித்த மறுநாளே லாரி வந்து நின்றது. மேனேஜர் வினீத், முப்பது வயதுப் பையன், கையில் போனோடு ஓடிவந்தான்.

"பத்து நாளு வெயில்ல கெடக்கட்டு. பிறகு ஏத்துனா போரும்" என்றாள் ஷியாமளா.

"சுரண்டியாச்சல்லோ சேச்சி, இனி எந்தா?"

"சுரண்டினது கண்ணுக்குத் தெரிஞ்சத மக்கா. ஓட்டைக்குள்ள ஒளிச்சு கெடக்கியத ஆரு கண்டா?"

"பத்து நாள் கழிஞ்சா ஓணத் திரக்கும் கூட்டமும் போகும்!"

"ஓணம் அடுத்த வருசமும் வரும். இவன் அங்க போய்ச் சேந்தா பின்ன ஒருக்காலும் போவமாட்டான்."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வினீத் குரலை உயர்த்தினான். ஷியாமளா சோற்றுப் பாத்திரத்தையும் ஒரு எவர்சில்வர் தம்ளரையும் எடுத்துக்கொண்டு முதல் படகின் அடியில் நுழைந்து படுத்துவிட்டாள். அடியில் ஆள் இருக்கும்போது எப்படிப் படகைத் தூக்குவது? கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் மணத்தன.

வினீத் குனிந்தான். "சேச்சி, தமாஷ் வேண்டாம். வெளியில வா."

"நான் உண்ணுகேன் மக்கா. நீ உண்டியா?"

லாரி ஓட்டிவந்த பிபின் சிரித்துக்கொண்டே வந்து பக்கத்தில் குந்தினான். அவன் அந்த வடக்குக் காயல் பக்கத்துக்காரன். என்னதான் விஷயம் என்று கேட்டான். படகின் அடியிலிருந்து ஒரு கை தம்ளரை நீட்டியது. அதில் ஆற்றுத் தண்ணீர். அடியில், காலையில் எஞ்சின் துளைக்குள்ளிருந்து அவள் நெம்பியெடுத்த ஒரு வெள்ளைத் துண்டு.

"அனங்காம, அசையாம பாத்தோண்டு இரி" என்றது குரல்.

வினீத்தும் பிபினும் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல ஒரு குழலின் வாயில் பழுப்பு இறகு ஒன்று விரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து, இருபது. பிபின் நன்றாகப் பார்க்கத் தலையை முன்னால் கொண்டுபோனான். அவன் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய் மூடிக்கொண்டன.

பிபினின் சிரிப்பு நின்றது. "சேச்சி, இது கயறிலும் பிடிக்குமோ?"

"கல்லுல பிடிக்கும், மரத்துல பிடிக்கும், பிளாஸ்டிக்குல பிடிக்கும். கயறுன்னா அவனுக்கு மெத்தையாக்கும்."

பிபின் எழுந்து வேட்டியை உதறினான். அவன் தம்பி அந்தக் காயலில் கயிறு கட்டிக் கடுக்காச் சிப்பி வளர்க்கிறவன். "ஞான் இது கேற்றூல சாரே" என்றான் வினீத்திடம். என் வண்டியில் இதை ஏற்றமாட்டேன், பத்து நாள் கழித்துக் கூப்பிடு, வருகிறேன் என்று சொல்லி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வினீத் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலாளி போனில் கத்துவது அக்கரைக்கே கேட்டிருக்கும். ஷியாமளா வெளியே வந்து, மிச்சமிருந்த மரச்சீனியை அவன் கையில் கொடுத்தாள். "நீ உண்ணு. போன இஞ்ச தா."

வாங்கிப் பேசினாள். "முதலாளி, நான் ஷியாமளாவாக்கும். இஞ்ச இந்தப் புழுவுக்கு நான் வரத்தன்னு பேரு போட்டிருக்கேன். அங்க உள்ளவங்க ஆரு கொண்டுவந்தான்னு பாத்து, உங்க பேரையாக்கும் போடுவாங்க. பின்ன நூறு வருசம் உங்க பேரச் சொல்லித்தான் சுரண்டுவாங்க. சம்மதமா?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். பிறகு, "பத்து திவசம். ஒரு திவசம் கூடுதல் இல்லா."

அந்தப் பத்து நாளும் அவள் நல்லமிளகு உலர்த்துகிறவள் போலத்தான் இருந்தாள். ஆட்களைக் கூட்டிப் படகுகளை வெயிலுக்குத் திருப்பித் திருப்பி வைத்தாள். மழை தலைகாட்டினால் ஓடிப்போய் மூடினாள். எஞ்சின் குழாய்களுக்குள் டீக்கடைக் கெட்டிலால் கொதிக்கும் வெந்நீர் ஊற்றினாள். வினீத் முதல் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். பொழியில் வரத்தன் அப்படியேதான் இருக்கிறான் என்பது அவளுக்கும் தெரியும். "இஞ்ச உள்ளவன் கூட நான் மல்லு கெட்டுவேன். இன்னொரு ஊருக்கு எதுக்கு அந்தப் பாடு?" என்றாள்.

பதினொன்றாம் நாள் பிபின் வந்தான். படகுகள் லாரியில் ஏறின, கயிறு கட்டியாயிற்று, வண்டியும் உறுமிக்கொண்டு நகர்ந்தது. திடீரென்று ஷியாமளா கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினாள். வண்டி நின்றதும் பின்சக்கரத்தில் கால் வைத்து ஏறி, இடிபடாமல் இருக்கப் படகின் ஓரத்தில் தொங்கவிட்டிருந்த பழைய டயருக்குள் தோள்வரை கையை விட்டாள். உள்ளே பத்து நாளாகக் காயாமல், வரத்தனுக்கு இடம் வைத்துக் கிடந்த தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது. டயரை அவிழ்த்தெடுத்து மாலைபோலத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு கீழே குதித்தாள். ஈரக்கையால் லாரியின் பக்கவாட்டில் இரண்டு முறை ஓங்கித் தட்டினாள்.

"போட்டே, வண்டி போகட்டு!"