லோகநாதனின் கை

சென்னையை ஒட்டிய நூம்பலில் லோகநாதனை எல்லோருக்கும் தெரியும். அப்பா காலத்துக் கழனியெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியான பிறகு, அந்த வீடுகளின் ஏசிகளைப் பழுது பார்த்தே பிழைத்தவர். கேஸ் அளவு காட்டும் கேஜ் அவர் பையிலேயே கிடக்கும். வெளி யூனிட் பக்கத்தில் குத்துக்காலிட்டு, கண்ணை மூடி, தடித்த செம்புக் குழாயைத் தொடுவார். ஜில்லென்றிருந்தால் கேஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை. கண் ஏமாற்றும், விரல் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

"சோறு வெந்துச்சான்னு பாக்க உன் பொண்டாட்டி மீட்டரா வாங்கி வச்சிகினு கீறா?" என்று மற்ற மெக்கானிக்குகளை மடக்குவார். திமிர்தான். ஆனால் அந்தத் திமிருக்குத் தகுந்த கை.

அந்தக் கையைத்தான் சர்க்கரை தின்றுகொண்டிருந்தது. முதலில் கால் மரத்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார். பிறகு விரல் நுனிகள், மெல்ல உள்ளங்கை. நரம்பு போகிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றார் டாக்டர். மனைவி ஹேமாவதியிடம்கூட இவர் மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? கேஜை எடுத்தாவது பிழைத்திருக்கலாம். எடுத்தால், 'இன்னா அண்ணாத்தே, நீயுமா?' என்பார்களே! பாழாய்ப்போன வறட்டுக் கௌரவம். நினைத்தால் ஆத்திரமாகத்தான் வருகிறது.

சித்திரை வெயிலில் வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு அழைப்பு. நிவேதிதா, கரூர்ப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை என்றாள். லோகநாதன் பால்கனிக்குப் போய் யூனிட்டின் மூடியைக் கழற்றினார். கண்ணை மூடித் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை.

"கேஸ் சுத்தமா போய்க்கீதும்மா. ரொப்பணும்," என்றார், கண்ணைத் திறக்காமலே.

நிவேதிதா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, அந்தக் குழாய் மேல ஐஸ் கட்டியிருக்குதே?" விரலை வைத்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "ஐயோ, என்னா ஜில்லு!"

லோகநாதன் கண்ணைத் திறந்தார். குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. கேஸ் எங்கேயும் போகவில்லை. அறைக்குள் வடிகட்டியில் தூசி அடைத்து, காற்றுதான் வரவில்லை. நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூட முதலில் அதைத்தான் கழற்றிப் பார்ப்பான்.

அதன் பிறகு அவருக்கு ஏசி ஞாபகமே இல்லை. குளிர்தானே தெரியவில்லை, சூடாவது தெரியாதா என்று ஒரு நப்பாசை. கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் கொதிக்கும். தொட்டவன் துள்ளிக் குதிப்பான். அதைக் கைநிறையப் பிடித்தார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணா! கைய எடுங்க! கைய எடுங்கண்ணா!"

எடுத்தார். உள்ளங்கை வெளுத்து, தோல் சுருண்டிருந்தது. தண்ணீர் எடுக்க ஓடிய நிவேதிதா அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வலிக்கலீங்களா?"

"இல்லம்மா," என்றார் லோகநாதன். சொன்னவர் அந்தப் பால்கனியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.