அஸ்திவாரம் என்கிற பேஸ் கிட்டார்காரர்

அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் மச்சினன்தான். மனைவியின் தம்பி, அதே இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். "வீடு கட்டினா சுவரப் பாப்பாங்க, பெயிண்டப் பாப்பாங்க, கீழ இருக்கறத எவன் பாக்கறான்? எங்க மாமா அஸ்திவாரம்" என்று ஒருநாள் ஒத்திகையில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. பேஸ் வாசிக்கிறவனைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வதே அபூர்வம். நிகழ்ச்சி முடிந்ததும் ஜனங்கள் பாடகியோடு படம் எடுத்துக்கொள்வார்கள், லீட் கிட்டார்காரனுக்குக் கை கொடுப்பார்கள், இவரிடம் வந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

பேஸ் கிட்டாரை அவராகத் தேடிப் போகவில்லை. அது அவர் தலையில் கட்டப்பட்டது. இளம் வயதில் அவர் சேர்ந்த குழுவில் ஏற்கெனவே இரண்டு கிட்டார்காரர்கள் இருந்தார்கள். பேஸ்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தான். "ஆறு கம்பி வாசிக்கறவனுக்கு நாலு கம்பி எம்மாத்திரம்" என்று ஒரு பிளைவுட் கிட்டாரை மாட்டிவிட்டார்கள். அதன் கழுத்து வளைந்திருந்தது, பாதிக் கட்டைகளில் சுருதி நிற்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மேடை ஏறினார். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. மறுபடி தொட்டால் உட்கார்ந்தது. பாடகி, லீட், கைதட்டுகிற கூட்டம் எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் இவருடைய இரண்டு விரல்களின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். அடக்கமான மனுஷன் என்று ஊரே அவரைச் சொல்லும். எனக்கென்னவோ அது அடக்கமாகத் தெரியவில்லை. சத்தம் போடாத தலைக்கனம், அவ்வளவுதான். ஆனால் அதற்கு அவர் தகுதியானவர்.

பகலில் மரச்சாமான் கிடங்கில் வேலை. அலமாரியும் கட்டிலும் வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையானால் கிட்டார். எத்தனையோ மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றில் நிலைத்தார்: நாலே கம்பி, நல்ல கனம், நீளமான கழுத்து. அதில் வழவழப்பான தடித்த கம்பிகள் மாட்டியிருந்தார். தொட்டால் சத்தம் எழும்பி வராது, தரையிலிருந்து கசிந்து வரும். கம்பியை மீட்டப் பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லை கிடையாது, விரல் மட்டும். காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல் கிடையாது. காலடியில் ஏழெட்டு பெடல்களைப் பரப்பிக்கொண்டு நிற்கிற பையன்களைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "முகம் நல்லா இருந்தா பவுடர் எதுக்கு?" என்பார். கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிக்கிறவர்களைப் பற்றிக் கேட்டால், "பாத்திரம் தேய்க்கறவங்களுக்கும் அந்தச் சத்தம் வரும்" என்பார். வாய்க்கொழுப்புதான். அந்த வாயை வைத்துக்கொண்டு அவர் பிற்பாடு செய்ததையெல்லாம் நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஒருநாள் ஒத்திகையில் ஸ்பீக்கர் சரியில்லை என்றார். அடிக்கம்பி செத்துப்போய்க் கேட்கிறது என்றார். பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள், பழுது இல்லை. கேபிளை மாற்றினார். கிட்டாரின் உள்ளே ஒயர்களைப் பிரித்து மறுபடி சூடு வைத்தார். ஒன்றும் தேறவில்லை. மற்றவர்கள், "நல்லாத்தானே கேக்குது" என்றார்கள். காது கேட்காதவர்கள் என்று மனசுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு காலையில், கிடங்கு வாசலில் அவர் முதுகுக்குப் பின்னால் லாரி ஒன்று பின்வாங்கி வந்தது. டிரைவர் போட்ட கூச்சல் கேட்டது. மேலே காகம் கத்தியது கேட்டது. அவ்வளவு பெரிய இன்ஜின் ஓடுவது மட்டும் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து யாரோ இழுத்ததால் தப்பினார். "செவுடா நீ?" என்று டிரைவர் கேட்டதும் அவருக்கு ஒத்திகை ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது.

யாரிடமும் மூச்சு விடாமல் காது டாக்டரிடம் போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் ஒரு சத்தமும் வராததால், மெஷினை இன்னும் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பொதுவா வயசாக ஆகக் கீச்சுச் சத்தந்தான் முதல்ல போகும்" என்றார் டாக்டர். "உங்களுக்குத் தலைகீழா இருக்கு. அடிச்சத்தம் போயிட்டே இருக்கு. பேச்சு நல்லா கேக்கறதால யாருக்கும் தெரியாது. என்ன வேலை பாக்கறீங்க?"

"கிடங்குல."

"அப்ப பெருசா தொந்தரவு இருக்காது."

மருந்து உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். காதில் வைக்கிற மெஷினும் இந்த வகைக்கு அவ்வளவாக உதவாது, உரத்த சத்தத்துக்குப் பக்கத்தில் போகாமலிருந்தால் மிச்சம் இருப்பது கொஞ்ச காலம் நிற்கும் என்றார். அஸ்திவாரம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். உலகத்தில் எத்தனை சத்தம் இருக்கிறது. கொசு சத்தத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். கதவு கிறீச்சிடுவதை எடுத்துக்கொண்டிருக்கலாம். அவருக்கென்று இருந்த அந்த ஒன்றையா எடுத்துக்கொள்ள வேண்டும்?

குழுவிடம் சொல்லியிருக்கலாம், மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து அவர் கிடங்குக்காரர் மட்டும்தான். அதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேட்கிற சத்தத்துக்குள் எப்படியாவது பேஸைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

வழவழப்பான கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, சொரசொரவென்று இருக்கும் இரும்புக் கம்பிகளை மாட்டினார். விரல் உரசுவதும், மேலே தெறிக்கிற கணகணப்பும் கேட்டன. அதை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார். அதுவும் மங்கியபோது பிக் எடுத்தார். கனமான கிட்டாரைக் கொடுத்துவிட்டு, கூர்மையாகப் பேசுகிற லேசான ஒன்றை வாங்கினார். அதுவும் போதாமல் போனது. எந்த ஸ்லாப்பைப் பாத்திரம் தேய்ப்பது என்றாரோ அதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைவிரல் கொப்புளிக்கப் பழகினார். அப்புறம் டிஸ்டார்ஷன் பெடல். சத்தத்தைக் கிழித்து மேல்பக்கத்தில் இழையிழையாகத் தரும், அந்த இழை அவருக்கு எட்டும்.

"இது என்ன புதுசா?" என்றாள் மனைவி. "இப்பத்தானே ஒண்ணு வாங்கினீங்க."

"காலம் மாறுதில்ல."

"உங்களுக்கு மட்டும் மாசாமாசம் மாறுது."

வேடிக்கை என்னவென்றால், சில இளவட்டங்களுக்கு இந்தப் புதுப் பாணி பிடித்துப்போயிற்று. அண்ணன் கலக்குறார் என்றார்கள். குழுவை நடத்துகிற கீபோர்டு மாஸ்டருக்குத்தான் பிடிக்கவில்லை. "அண்ணே, இது அமைதியான பாட்டு. நீங்க தகரத்தத் தட்டறீங்க. பழைய மாதிரி வாசிங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். பழைய மாதிரி வாசிக்கத்தான் அஸ்திவாரம் உயிரை விட்டுக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

டிரம்ஸில் காலால் அடிக்கிற பெரிய மேளமும் அடிச்சத்தம்தான். அதுவும் கேட்காமல் போனபோது, மேடையில் மச்சினனை ஒட்டி நின்றுகொண்டு அவன் முழங்கால் ஏறி இறங்குவதைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். "என் முட்டிய ஏன் மாமா சைட் அடிக்கறீங்க?" என்று அவன் கேலி செய்தான். அவரும் சிரித்துவைத்தார்.

கடைசியில் வாங்கியது ஒரு ஆக்டேவ் பெடல். வாசிக்கிற சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயியையும் சேர்த்துக் கொடுக்கும். அதில் இரண்டு குமிழ்கள். ஒன்று மேல்ஸ்தாயிக்கு, ஒன்று கீழ்ஸ்தாயிக்கு. மேல் குமிழை ஏற்றி, கீழ் குமிழை மூடி வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு தன் வாசிப்பைத் தானே கேட்டார். கம்பி மாதிரி மெலிந்துதான் இருந்தது. இருந்தாலும் அவருடையது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஹோட்டல் ஒன்று வாராவாரம் வாசிக்க ஒரு குழுவைத் தேடியது. பகலில் காலி ஹாலில் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். "இது கெடச்சா நமக்கு நிரந்தரமா ஒரு மேடை. கெடைக்கலன்னா குழுவக் கலைச்சுட வேண்டியதுதான். என்னால இழுக்க முடியல" என்றார் மாஸ்டர்.

அங்கே மேடையில் ஸ்பீக்கர் வைக்கக் கூடாதாம். எல்லாம் ஹாலின் சுவர்களில் பதித்த ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் போகும். ஒலிப்பலகையில் இருப்பவர் அவரவருக்குத் தனித்தனியாக அனுப்புவதை, வாசிக்கிறவர்கள் ஆளுக்கொரு காதுக்கருவியில் கேட்டுக்கொள்ள வேண்டும். தன் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்து, அது அதிர்வதை வைத்துச் சமாளித்து வந்தவருக்கு அந்தப் பிடியும் போயிற்று. எதிரே ஒரு மேஜையில் ஹோட்டல் மேலாளர் அம்மா தண்ணீர் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டு தொடங்கியது. ஷூவுக்குள் ஏதோ குறுகுறுத்தது. தரை. தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அதிர்வு கணுக்கால் ஏறி முழங்கால் வரை வந்தது. பழைய நாட்களில் வந்தது போலவே, ஏன், அதைவிட அதிகமாகவே வந்தது. காது திரும்பி வருகிறதோ, டாக்டர் சொன்னதெல்லாம் பொய்யோ என்று தோன்றியது. மேஜை மேல் தண்ணீர் நடுங்குவதைக்கூடப் பார்த்தார். பார்த்து மகிழ்ந்து இன்னும் அழுத்தி வாசித்தார். திரும்பி மச்சினனைப் பார்த்துச் சிரித்தார். அவன் முகம் இறுகியிருந்தது. பயப்படுகிறான் பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் மேலாளர் அம்மா காதிலிருந்து விரலை எடுத்தார். "கீழ ஏதோ உறுமிக்கிட்டே இருந்துச்சே. பாடினதே கேக்கல."

அஸ்திவாரம் குனிந்து பார்த்தார். பெடலில் கீழ்ஸ்தாயிக் குமிழ் கடைசி வரை திரும்பியிருந்தது. பைக்குள் வரும்போது உரசித் திரும்பியிருக்கிறது. பாட்டு முழுக்க, ஏற்கெனவே அடியில் இருக்கும் பேஸுக்கும் அடியில் இன்னொரு சத்தத்தைச் சேறு மாதிரி கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கொட்டிக்கொண்டே சிரித்திருக்கிறார். யாரும் பார்க்காதபடி காலாலேயே குமிழை மூடினார். "பெடல்ல சின்னக் கோளாறு. சரியாயிடுச்சு" என்றார்.

மாஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒலிப்பலகைக்காரரிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்து, "இன்னொரு பாட்டு வாசிச்சுக் காட்டறோம் மேடம்" என்றார்.

இரண்டாவது பாட்டை அஸ்திவாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தார். இப்போது தரை அதிரவில்லை. அது அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. கண் மச்சினனின் முழங்காலை விட்டு அகலவில்லை. காதில் அவருடைய மெலிந்த சத்தம் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. அப்படி ஒரு சுத்தமான வாசிப்பு அவருக்கே நீண்ட நாளாக அமைந்ததில்லை.

"இது நல்லா இருந்துச்சு" என்றார் மேலாளர் அம்மா. "முக்கியமா அந்த பேஸ், ரொம்பத் தெளிவா உக்காந்துச்சு. அடுத்த வாரம் ஆரம்பிச்சுடுங்க."

அஸ்திவாரம் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயரைச் சுருட்டினார்.

ஹோட்டலின் பின்வாசலில் வேனில் சாமான் ஏற்றும்போது அவருக்கு வாய் ஓயவில்லை. "கேட்டியா மச்சான்? அந்தம்மா பேஸத்தான் தனியா சொன்னாங்க. முதல் பாட்டுல போனது போகட்டும், ரெண்டாவதுல பிடிச்சுட்டேன் பாத்தியா? இனிமே இந்த பெடல டேப் போட்டு ஒட்டிடறேன். இதே மாதிரி வாசிச்சா இன்னும் பல வருஷம் ஓட்டிடலாம்."

மச்சினன் தாளத்தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். போட்டதையே எடுத்து மறுபடி போட்டான். "மாமா" என்றான். "அது நீங்க இல்ல."

"எது?"

"ரெண்டாவது பாட்டுல உங்க சத்தத்த ஹால்ல மூடிட்டாங்க. மாஸ்டர்தான் இடது கையால கீபோர்டுல பேஸ் வாசிச்சாரு. எங்க எல்லார் காதுலயும் அதான் வந்துச்சு. உங்க காதுல மட்டும் உங்க சத்தத்த விட்டு வெச்சாங்க."

"முழுப் பாட்டுமா?"

"ஆமா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. இனிமேயும் இப்படியே போகட்டும், அண்ணன் பழகின ஆளு, மேடையில நின்னுட்டுப் போகட்டும்னாரு. என்னால சொல்லாம இருக்க முடியல. உங்களுக்கு என்ன ஆச்சு மாமா?"

அஸ்திவாரம் வேனின் படியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. மாஸ்டரின் இடது கை ஹால் முழுக்க ஒலித்திருக்கிறது. பக்கத்திலேயே நின்றும் அதில் ஒரு சுரம் அவருக்கு எட்டவில்லை.

"எனக்கு அடிச்சத்தம் கேக்கறதில்ல மச்சான்" என்றார். "ரொம்ப நாளா. உன் அக்காகிட்டகூடச் சொல்லல." பிறகு, "அவரு வாசிச்சது எப்படி இருந்துச்சு? நெஜமாச் சொல்லு" என்று கேட்டார்.

மச்சினன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நல்லா இருந்துச்சு. நீங்க முன்னாடி வாசிப்பீங்களே, அப்படியே வாசிச்சாரு. ஒவ்வொரு இடமும் நீங்க போட்டதுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மச்சினன் அவர் முதுகில் கையை வைத்தான்.

பாடகி தன் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகப் போனாள். அவளுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. "அண்ணே, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். அவள் குரல் அவருக்குத் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்துடறேம்மா" என்றார்.

மச்சினன் திரும்பி அவரைப் பார்த்தான்.

"வேற எங்கடா போவேன்?" என்றார் அஸ்திவாரம்.