பாதி விதையைச் சாக்கிலேயே வை

போன புரட்டாசிக் கடைசியில், கோவில்பட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கைப்பேசியில் செயற்கைக்கோள் படம். கடலிலிருந்து ஒரு மேகத் திரள் எங்கள் பக்கம் வெள்ளையாக நகர்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை ஊருக்கே முன்னால் நாம் விதைத்துவிட வேண்டும்!

நான் கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். மழை பார்ப்பதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். அவரவர் ஊர் மேகத்தைப் படம் பிடித்துப் போடுவோம். அதில்தான் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்து அக்கா ஒருவர் பழக்கமானார். முகப்புப் படத்தில் சூரியகாந்திப் பூ. எனக்குத் தெரிந்தது குரல் மட்டும். தன் இரண்டு ஏக்கரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர்.

என் யோசனையைச் சொன்னதும் அவருடைய குரல்பதிவு வந்தது: "விதைக்கதுன்னா விதை. ஆனா பாதிய சாக்குலயே வையி. மொத மழைய நம்பப்பிடாது, பாத்துக்கோ."

எங்கள் அப்பாவின் வழக்கமும் அதுதான். மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலமாயிற்றே, மறுவிதைப்புக்கென்று பாதி உளுந்தைத் தொடமாட்டார். நான்தான் படத்தைக் காட்டிக் காட்டி அவரைக் கரைத்தேன். படித்த பிள்ளை சொல்கிறதே என்று மொத்தத்தையும் விதைத்துவிட்டார்.

வந்தது ஒரு தூறல். முளைக்கப் போதும், பிழைக்கப் போதாது. அடுத்த இரண்டு வார வெயிலில் பயிர் அப்படியே கருகியது. அதற்குப் பிறகு கொட்டியது பாருங்கள், நல்ல மழை! ஈரம் போவதற்குள் மறுபடி விதைக்க வேண்டும். எல்லோருக்கும் அதே அவசரம். கோவில்பட்டியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் விதை இல்லையென்று கையை விரித்தார்கள். ஒரு வருடத்து வெள்ளாமை என் வாயால் போனது. அப்பா காலிச் சாக்கை உதறி மடித்துவைத்தார். அம்மா விடவில்லை.

"ஏட்டி, போன்ல கெடக்குத ஒன் கூட்டாளிக வந்து விதைப்பாவளா? கேளேன்!"

கேட்க வாய் வரவில்லை. ‘தப்பு என்னுடையது, மறுவிதைப்புக்கு விதை இல்லை’ என்று மட்டும் குழுவில் எழுதினேன். அக்காவிடமிருந்து ஒரே வரி வந்தது: "லொகேஷன் போடு."

மறுநாள் காலை எங்கள் புஞ்சைக்கு எதிரே தார்ச் சாலையில் ஒரு ஸ்கூட்டி நின்றது. அதற்கு மேல் வண்டி வராது. கரிசல் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் சாக்குடன் நடந்து வந்தார். ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண்.

"நீதானா? கொரலக் கேட்டு நெட்டையா இருப்பன்னுல்லா நெனச்சேன்" என்று சிரித்தார்.

அம்மா குடத்துத் தண்ணீரை எடுத்து அவர் காலில் ஊற்றினாள். "எங்களுக்காகவா தாயி இம்புட்டு தூரம்?"

"நான் இந்த மழைக்குப் பெறவுதான் விதைக்கேன், சித்தி. இது மறுவிதைப்புக்கு வச்ச கையிருப்பு. முந்தின வருசம் எனக்கு மொத்தமும் கருகிட்டு. பொம்பள பாத்த வெள்ளாமைன்னு ஊரே சிரிச்சிது. இவதான் தெனமும் ‘அக்கா, சாப்டீங்களா?’ன்னு கேட்டா. அப்ப அதுகூட ஒருத்தரும் கேக்கல."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. பஸ்ஸில் போகிற போக்கில் தட்டிவிட்டிருப்பேன்.

இரண்டு நாளில் மண் பதத்துக்கு வந்ததும் விதைத்தோம். முளைத்த முதல் இலையின் படம் அக்காவுக்குத்தான் போனது. அறுவடை முடிந்து உளுந்தைத் திருப்பிக் கொண்டுபோனபோது அவர் வாங்கவில்லை. "அடுத்து யாருக்குக் கருகுதோ அவியளுக்குக் குடு" என்றார்.

அதைத்தான் இந்த வருடம் செய்து பார்க்கப் போகிறோம். குழுவில் இருக்கும் கரிசல்காட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விதை கூடுதலாக எடுத்துவைப்பது; யாருக்குக் கருகினாலும் பக்கத்திலிருப்பவர் கொண்டுபோவது. ஓட்டப்பிடாரத்தில் இருவர், மணியாச்சியில் ஒருவர் சம்மதித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் முதல் படியை அளந்து போட்டாள். சரியாக வருமா, தெரியாது. ஆனால் குழுவில் யாராவது இரண்டு நாள் பேசாமல் இருந்தால், ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்காமல் இப்போது என்னால் இருக்க முடிவதில்லை.