அடுப்புக்குள் இன்னொரு சுத்தியல்

கஸ்பர் சுத்தியலால் தட்டினார். அடுப்பின் மறுகோடியிலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை பெக்டரியில், கொழுந்து உலர்த்தும் பெரிய அடுப்புக்குள் புகுந்து, இரும்பில் படிந்த துருச்செதிலை உரிப்பது பதினாறு வருடமாக அவர் வேலை. உள்ளே போகிறவர் கதவில் சட்டையைத் தொங்கவிடுவார். சட்டை தொங்கும்போது யாரும் தீ மூட்டமாட்டார்கள்.

கஸ்பர் வெளியே வந்தார். அவர் சட்டை மட்டுமே தொங்கியது. தீ மூட்ட விறகோடு நின்ற வீரய்யா சிரித்தான்.

“என்னண்ணே, உள்ள மாமியார் வீடா? வர மனசே இல்லையே!”

“உள்ள வேற யாருடா?”

“யாருமில்ல. சட்டைய எடுங்கண்ணே. கொழுந்து கெட்டா பெக்டரி ஐயா ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டிடுவாரு.”

உள்ளே மூன்று முறை தட்டல் கேட்டது. வீரய்யா விறகைக் கீழே போட்டான். கஸ்பர் சட்டையை எடுக்கவில்லை.

இரவு முழுக்க அடுப்பு எரியவில்லை. மறுநாள் காலை டார்ச் அடித்துத் தேடினார்கள். உள்ளே யாருமில்லை. பத்து மணிக்குத் தீ மூட்டினார்கள். கெட்டுப்போன கொழுந்தை அள்ளிக் கொட்டினார்கள். கஸ்பரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.