அவர் பேருக்கு என் கைநாட்டு

புயலுக்கு முன்னால் என் புருஷன் எங்கள் ஊரான தன்லியினில் சம்பான் என்ற துடுப்புப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். புயலன்று அவரும் அவருடைய கூட்டாளியும் ஆற்றில் மாட்டிக்கொண்டார்கள். கரைக்குத் திரும்பியது இவர் மட்டும்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு கண்ணில் படும் எந்த இடத்துக்கும் அவரால் போக முடியவில்லை. கூரை போன வீட்டில், தார்ப்பாய்க்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒரு உதவிச் சங்கம் எங்களுக்கும் எங்கள் ஏழு வயது மகளுக்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுத்து வந்தது. மூன்று மாதம் கழித்துப் பௌத்த மடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் புது விதியை வாசித்தார்கள். திடமாக இருக்கிற பெரியவர்கள் ஷ்வேப்யிதாவில் வேலை பழகப் போகவேண்டும். பெண்களுக்குத் தையல் மெஷின், ஆண்களுக்குக் கொத்து வேலை. மூன்று நாள் வராவிட்டால் அந்த ஆளுக்கு அரிசி நிற்கும். பொய் சொன்னால் குடும்பத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். நோயாளிகள் டாக்டர் கடிதம் கொண்டுவர வேண்டும்.

புருஷனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "ஆளு நல்லாத்தானே இருக்கார், நான் என்னன்னு எழுதறது?" என்று பர்மியத்தில் கேட்டார். கடிதம் இல்லாமலே திரும்பினோம்.

ஷ்வேப்யிதாவுக்கு ஆற்றுப் பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். முதல் நாள் நான் தனியாகப் போனேன். வாசலில் மேசைமேல் வருகை நோட்டு விரித்திருந்தது. பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சயாமா, அதாவது டீச்சர், அப்போதுதான் யாரோடோ பேசத் திரும்பியிருந்தார். என் பெயருக்கு நேரே வலது கட்டைவிரலை வைத்தேன். அடுத்த வரியில் அவர் பெயர். யோசிப்பதற்குள் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து அங்கே வைத்துவிட்டேன். ஆண்கள் கொட்டகை பின்பக்கம் இருந்தது. அங்கே யாரும் தலையை எண்ணவில்லை.

எட்டு நாள் அப்படியே ஓடியது. அந்த எட்டு நாளும் பயத்தில் நான் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. கரண்டு மெஷின் மிதியில் காலை வைத்தவுடன் பாய்ந்து ஓடும். பக்கத்துப் பெண்ணின் விரலில் ஊசி இறங்கியதையும் பார்த்தேன். அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் சங்கத்து ஜீப் சத்தம் கேட்டால்தான் கை நின்றுபோகும். வீட்டுக்கு வந்ததும் இடது விரலை மணல் போட்டுத் தேய்ப்பேன். மை முழுசாகப் போகாது.

எட்டாம் நாள் மாலை சயாமா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாளைக்குச் சங்கத்து ஆபீசர் வர்றார். பேர் கூப்பிட்டு ஆளைப் பார்ப்பார்."

அன்று வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் பெயரையும் கூப்பிடுவார்கள் என்றேன்.

"என் பேரு எதுக்கு அங்க இருக்கு?"

"நான்தான் உங்களுக்கும் சேத்து கைநாட்டு வச்சுக்கிட்டு வர்றேன்."

சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "புடிச்சா ஒன்ன ஜெயில்ல போட்டுருவாங்களா புள்ள?"

"தெரியலைங்க."

"நான் வர்றேன்."

காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தார். அந்தக் கால் நடுங்கியதில் படியின் தகரம் கடகடவென்று ஆடியது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். அவர் காலை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏறிக்கொண்டேன். அவரை அப்படியே விட்டுவிட்டு ஏறினேன்.

ஆபீசர் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன்.

"அவர் வரலை சயா. நான்தான் வச்சேன்."

"கையைக் காட்டு."

காட்டினேன். விரலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "வெளியே உட்கார்" என்றார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தேன். மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். என்னைக் கொண்டுபோய்விட்டால் அவளுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று மட்டும்தான் மனசு ஓடியது. கக்கூசுக்கு எழுந்து போகக்கூடப் பயமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நான்கு பஸ்ஸை விட்டுவிட்டு, ஐந்தாவதில் ஏறி, காய்கறிக் கூடைகளுக்கு நடுவே தரையில் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டியிருக்கிறார். இதைப் பிறகு சொன்னார்.

"இத்தனை நாள் ஏன் வரலை?" என்று ஆபீசர் கேட்டார்.

"ஆத்தைப் பார்த்தா பயம் சயா."

கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்த ஆண்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பெயருக்கும் பக்கத்தில் தண்டனையை எழுதினார். பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு வாரம் எங்களுக்கு அரிசி கிடையாது, மகள் பங்கு மட்டும் வரும். பயிற்சி மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணப்படும். அவ்வளவுதான்.

அந்த இரண்டு வாரமும் மகளின் அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, வேலியோரத்துக் கஞ்சுன் கீரையைப் போட்டு மூன்று பேரும் குடித்தோம். அவர் தினமும் பஸ் தரையில் படுத்தபடியே வந்தார். கண்டக்டர்களுக்குப் பழகிப்போய், அவருக்கென்று சாக்கு போட்டு வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளும் அவர் கண்ணைத் திறந்து நான் பார்க்கவில்லை.

பயிற்சி முடிந்தபிறகு ஷ்வேப்யிதாவிலேயே ஒரு துணி ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. அவர் பாலம் தாண்டாமல் தன்லியினிலேயே பள்ளிக்கூடச் சுவர் கட்டும் வேலைக்குப் போனார்.

பயிற்சியின் கடைசி நாள் ஊருக்குத் திரும்பி இறங்கியதும் ரோட்டோரம் வாந்தி எடுத்தார். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்தார்.

"இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றார்.

"வர வேணாங்க" என்றேன்.