காகிதத்தில் வரைந்த கால்

எனக்கு ஏழு வயதாக இருந்த அந்த இலையுதிர் காலம் முழுவதும் நாங்கள் ஊர் ஊராக விருந்துக்குப் போனோம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியவே அம்மா எழும்பி ரோல்ஸ் பொரிப்பார். அப்பா கிராமசபையில் மலிவாகக் கிடைக்கும் ஒருநாள் ரயில் டிக்கெட்டை வாங்கி வைத்திருப்பார். மூவரும் பஸ்ஸில் வில் நகரத்துக்குப் போய், அங்கிருந்து ரயில் ஏறுவோம். வெளியே பனிமூட்டம் பால் போலக் கிடக்கும். அதற்குள் ஒரு மரம் வரும், ஒரு கூரை வரும், மறுபடியும் ஒன்றுமிருக்காது. ரோல்ஸ் வாசனையோடு அம்மாவின் மடியில் நித்திரையாகி, யாரோ ஒரு மாமாவின் ஊரில் கண் விழிப்பேன். ஒருமுறை எம்மன்புரூக்கே என்ற தூரத்து ஊர் வரைக்கும் போனோம். இவ்வளவு சொந்தக்காரர் நமக்கு இருக்கிறார்களா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உண்மையில் அப்பாவும் அம்மாவும் கடன் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சுவிஸில் நாங்கள் இருந்த கிராமத்தில் ஒரு தேவாலயமும், தீயணைப்பு வண்டி நிற்கும் ஒரு கொட்டகையும், அப்பா வேலை செய்த சீஸ் செய்யும் இடமும், மனிதர்களைவிட அதிகமாக மாடுகளும் இருந்தன. தமிழ்க் குடும்பம் என்று நாங்கள் மட்டும்தான். எங்களிடம் இருந்தது எஃப் அட்டை. இந்த நாட்டில் தற்காலிகமாக இருக்கலாம் என்று அதற்குப் பொருள். அந்தத் தற்காலிகம் எனக்கு முன்பே பிறந்து, என்னோடு இரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டிருந்தது. அம்மாவும் சம்பளம் எடுத்தால் அதைவிட உறுதியான பி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று காரியாலயத்தில் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு வேலையும் கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் வயோதிபர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலை. தை மாதம் தொடங்க வேண்டும், சொந்தக் கார் இருக்க வேண்டும். ஓட்டும் லைசென்ஸை அம்மா இரண்டாவது முயற்சியில் எடுத்துவிட்டார். கார்தான் இல்லை. எங்கள் கிராமத்துக்கு முதல் பஸ் வரும் நேரத்துக்கு அம்மா மூன்று கிழவிகளைக் குளிப்பாட்டி முடித்திருக்க வேண்டுமாம்.

முதலில் வங்கிக்குத்தான் போனோம். எங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெண், இல்லை என்பதை மிகவும் அன்பாகச் சொன்னார். வெளிக்கிடும்போது எனக்கு ஒரு பிளாஸ்டிக் பன்றி உண்டியலைத் தந்தார். கடன் கேட்கப் போனவர்களுக்கு உண்டியல் கொடுத்து அனுப்பிய கதையைச் சொல்லி அப்பா இன்றைக்கும் சிரிப்பார். அன்றைக்கு அவர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காசு விஷயத்தை வீட்டு வரவேற்பறையில் இருந்து கேட்கக் கூடாது. இரண்டு மணி நேரம் தேத்தண்ணி குடித்து, ஊர்க் கதை, கோயில் கதை, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை எல்லாம் கதைத்து, எழும்பி, ஜாக்கெட் போட்டு, வாசலுக்கு வெளியே சப்பாத்துக் கட்டும்போதுதான் கேட்க வேண்டும். கேட்கிறவர் குனிந்திருப்பார், கொடுக்க முடியாதவரும் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த நாட்டு மாடிப்படிகளில் விளக்குத் தானாக அணைந்துவிடும். பொத்தானை அழுத்தி அதை மறுபடி எரியவைக்கும் பதவியை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா சப்பாத்தின் மேல் குனிந்து ஏதோ மெல்லச் சொல்லத் தொடங்குவார், விளக்கு அணையும், நான் ஓடிப்போய் அழுத்துவேன். ஒவ்வொரு முறையும் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார்.

"கொஞ்சம் இருட்டாக் கிடக்கட்டும் பிள்ளை" என்றார் ஒருநாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது செய்யப் போன என்னை யாரும் மதிக்கவில்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் அப்போதுதான் தங்கைக்குக் கலியாணம் முடித்திருந்தார். ஒருவருக்குப் பல் வைத்தியர் பில் வந்திருந்தது. காசு தர முடியாத எல்லோரும் எங்களுக்குச் சாப்பாடு கட்டித் தந்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாங்கள் வேறு வேறு வீட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டோம்.

கடைசியில் மிஞ்சியது சீட்டு. வில் நகரத்தில் ஒரு மாமி பிடித்த சீட்டு அது. எனக்கு அவர் சீட்டு மாமி. அப்பாவோடு சேர்த்து இருபது பேர் மாதம் முந்நூறு பிராங் போடுவார்கள். அவசரமாகத் தேவைப்படுகிறவர், அந்தத் தொகையில் இவ்வளவைக் கழிவாக விடுகிறேன் என்று கேட்பார். யார் கூடிய கழிவு சொல்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். இரண்டு பேர் போட்டிக்கு நின்றால் கழிவு ஏறும், கையில் வருவது குறையும். போட்டி இல்லாவிட்டால் மட்டுமே அந்தக் காசில் ஒரு பழைய கார் வாங்கலாம் என்று அப்பா கணக்குப் பார்த்து வைத்திருந்தார். மார்கழிச் சீட்டைக் கேட்க எங்களைத் தவிர ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்று சீட்டு மாமி சொன்னார். ஆகவே அந்த மாதத்தை எங்களுக்கு விட்டுத்தரக் கேட்க அடுத்த ஞாயிறு அவரிடம் போனோம்.

அந்தப் பயணத்தை நான் இன்னும் கனவில் காண்கிறேன். ரயிலால் இறங்கி மஞ்சள் தபால் பஸ்ஸில் ஏறினோம். பஸ் மூட்டத்துக்குள் மேலே மேலே ஏறியது. வளைவு வரும்போதெல்லாம் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடித்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று ஒரு வளைவில் பஸ் மூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. நீல வானம், வெயில், கண் கூசும் பனி. கீழே நாங்கள் விட்டு வந்த ஊர்களையெல்லாம் மூடிக்கொண்டு வெள்ளைக் கடல் கிடந்தது. இங்கே குடியிருப்பவர் பணக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மலை மாமா, அப்படித்தான் அவரை அழைத்தேன், ஒரு உணவகத்தின் சமையலறைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் இருந்தார். கீழே சட்டி கழுவி, மரக்கறி வெட்டுகிற வேலை. முட்டை போட்டு நூடில்ஸ் செய்து தந்தார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் சுற்றி வரைந்த ஒரு கால்.

"அது ஆற்றை கால் மாமா?"

"என்ரை மகளின்ரை. உம்மடை வயசுதான். சப்பாத்து அளவுக்கு வரைஞ்சு, ஊருக்குப் போய் வந்த ஒராளிட்டைக் குடுத்து விட்டவை."

அவர் தாளைக் கழற்றி நிலத்தில் வைத்தார். நான் காலுறையைக் கழற்றிவிட்டு என் காலை அதன் மேல் வைத்தேன். பெருவிரல் முதல் குதிக்கால் வரை கோட்டுக்குள் அப்படியே அடங்கியது. தாளின் மறுபக்கத்தில் அவளும் தன் பாதத்தை என் பாதத்தோடு சேர்த்து வைத்து நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. காலை எடுக்க மனமே வரவில்லை.

"அவ எப்ப வருவா?"

"பனி கரைய வந்திடுவா."

என்னிடம் அப்போது சிவப்புப் பனிச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. அவள் வரும்போது அதைக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு என் தலையைத் தடவினார்.

அந்த அறைக்கு வெளியே மாடிப்படி விளக்கும் இல்லை, இருட்டும் இல்லை. சப்பாத்துகள் கதவுக்கு உள்ளே ஒரு பழைய பேப்பரில் இருந்தன. எல்லா இடத்திலும் வெயில். அப்பா கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். கேட்க வாய் வரவில்லை. மலை மாமாதான் தொடங்கினார்.

"சீட்டுக் கதைதானே அண்ணை. மாமி சொன்னவ. எனக்கும் இந்த முறை எடுக்கத்தான் வேணும். மனுசியையும் பிள்ளையையும் கூப்பிடுறதெண்டால் காரியாலயத்துக்கு வீடு காட்டவேணும். கீழை ரெண்டறை வீடொண்டு பார்த்து வைச்சிருக்கிறன். மூண்டு மாத வாடகை முன்னுக்குக் கட்டச் சொல்லுறாங்கள்."

"ஓம் தம்பி, அதுதானே முக்கியம். நீங்கள் எடுங்கோ" என்றார் அப்பா.

அம்மா கொண்டுபோன ரோல்ஸ் முழுவதையும் அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தார். பஸ் மறுபடி மூட்டத்துக்குள் இறங்கியபோது, சூரியனை யாரோ அணைத்துவிட்டார்கள், அழுத்த ஒரு பொத்தான் இல்லையே என்று நினைத்துக்கொண்டே நித்திரையாகிப் போனேன்.

மார்கழி முதல் ஞாயிறு சீட்டு மாமி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். கதிரை போதாமல் பாதிப் பேர் தரையில் இருந்தார்கள். மலை மாமாவும் வந்திருந்தார். நான் வாசலுக்கு ஓடிப்போய் என் சிவப்புச் சப்பாத்தைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே விரலை விட்டு அளந்தும் பார்த்தார்.

மாமி கேட்கத் தொடங்கினார். "சொல்லுங்கோ, ஆருக்கு வேணும்?"

அப்பா தலையைக் குனிந்தபடி இருநூறு கழிவு என்றார். கேட்கத்தான் வேண்டுமென்று கேட்ட குரல். எல்லோரும் மலை மாமாவைப் பார்த்தார்கள். மாமி இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்பதற்கு முன் மாமி வேண்டுமென்றே தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். மலை மாமா என் சப்பாத்தின் நாடாவைப் பூப்போலக் கட்டி முடித்து, அதை என்னிடம் நீட்டினார். வாயே திறக்கவில்லை. சீட்டு எங்களுக்கு விழுந்தது.

எங்கள் அப்பாதான் பெரிய தொகை சொல்லி வென்றுவிட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். நீலக் கார் வந்தது. தை மாதம் அம்மா வேலைக்குப் போனார். அடுத்த வருடம் பி அட்டையும் வந்தது.

பனி கரைந்ததும் அம்மாவின் காரிலேயே மலைக்குப் போனோம். என் முதல் கேள்வி மகள் எங்கே என்பதுதான். மாமா எதிர் மலையின் உச்சியைக் காட்டினார். "அங்கை பாருங்கோ, இன்னும் கரையேல்லை." அந்தக் கோடை முழுவதும் நான் அந்த உச்சியைக் காவல் காத்தேன். ஆவணி மாதத்திலும் ஒரு பல்லளவு வெள்ளை அங்கே மிச்சமிருந்தது. அடுத்த பனிக் காலத்தில் சிவப்புச் சப்பாத்து எனக்குச் சின்னதாகிவிட்டது. அதை உடுப்புச் சந்தையில் விற்க அம்மா எடுத்தபோது கத்தி அழுது பறித்து, என் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அன்று அவர் விட்ட சீட்டோடு அந்த இரண்டறை வீடும் போய்விட்டது என்பதை எனக்கு இருபது வயதானபோது அம்மா சொன்னார். பங்குனியில் அவருக்கு வேறு சீட்டு விழுந்ததாம். ஆனால் தனி ஆளுக்கு, அந்தச் சம்பளத்துக்கு, அந்த மலை ஊர்களில் வேறு வீடு கொடுப்பாரில்லை. வீடு கிடைத்தபோது அவர்களைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் காலாவதியாகி, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஏன் விட்டார் என்று அவரிடம் நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

மாமாவின் மகள் வந்தது அந்தச் சீட்டுக்கு இரண்டு வருடம் கழித்து. சூரிச் விமான நிலையத்துக்கு அம்மாதான் நீலக் காரில் என்னையும் மாமாவையும் கூட்டிப் போனார். திரும்பும்போது அவளும் அவள் அம்மாவும் பின்னால் என்னோடு இருந்தார்கள், மாமா முன்னால். அவள் என்னைவிட உயரமாக இருந்தாள். கார் நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துப் பாதைக்குத் திரும்பியதும், மடியில் வைத்திருந்த சிவப்புச் சப்பாத்தை எடுத்து அவளுடைய காலில் மாட்டப் பார்த்தேன். விரல்களைத் தாண்டிப் போகவேயில்லை. இரண்டு வருடம் கட்டிக் காத்தது வீணாய்ப் போன ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

"மாமா, நீங்கள் பொய் சொன்னனீங்கள். நீங்கள் காட்டின கால் சின்னன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி அந்த ஒற்றைச் சப்பாத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை" என்றார். "அது வளர்ந்திட்டுது."

அம்மா காரை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் மூட்டமாக இருக்கிறது, துடைக்க வேண்டும் என்றார். துணியை எடுத்து, முன் கண்ணாடியை மேலும் கீழுமாக வெகு நேரம் துடைத்தார். வெளியே நல்ல வெயில். கண்ணாடி முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. பசிக்கிறது, கெதியாகப் போவோம் என்று நான் பின்னால் இருந்து சிணுங்கிக்கொண்டிருந்தேன்.